போத்தல் பச்சையில் பொன் ஏன் சேறாகிறது?

கேள்வி, ஜூன் 21

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முருகன் கோயிலில் ஆடிவேல் வருகிறது. உற்சவருக்குப் பின்னால் தொங்கவிடும் பின்திரையை நான் தைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். போத்தல் பச்சை வெல்வெட், நாலடி அகலம், ஐந்தடி உயரம். நடுவில் தோகையைத் தொங்கவிட்டு நிற்கும் மயில். சரிகையைத் துணிமேல் கிடத்தி, இடையிடையே பச்சைப் பட்டுநூலால் கட்டிக்கொண்டு போகிறேன். கடையில் தகதகவென்று இருந்த சரிகை தோகையில் சேறு பூசியது போலத் தெரிகிறது. கழுத்து வளையங்களில் மட்டும் நன்றாக இருக்கிறது. ஒரே கண்டு நூல்தான். போலிச் சரிகையைத் தலையில் கட்டிவிட்டார்களா? சரிகை எந்த நிறத்தோடும் சேரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

ஜூன் 21, இரவு

கடைக்காரரைத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தங்கச்சி. ஒரே கண்டு ஓரிடத்தில் பொன்னாகவும் இன்னோரிடத்தில் சேறாகவும் தெரிகிறது என்றால் குற்றம் கண்டில் இல்லை.

போலியா என்று கேட்டதற்கு: ஆமாம், போலிதான். நானும் அதைத்தான் வாங்குகிறேன். அசல் சரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்கு மேல் பொன் பூசியது. அடுத்த தரத்தில் வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இருக்கும். இப்போது கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து மலைக்கு ஏறி வருவதில் பெரும்பகுதி, பளபளப்பு ஏற்றிய பிளாஸ்டிக் தாளை மயிரிழையாக நறுக்கிப் பொலியெஸ்டர் நூலில் சுற்றியது. ஒரு விரற்கடை வெட்டி நெருப்பில் காட்டுங்கள். சுருண்டு சிறு மணியாகிவிட்டால் பிளாஸ்டிக். அதனால் அது கெட்டது என்று ஆகிவிடாது. செம்பைப் போல அதில் பச்சைக் களிம்பு ஏறாது.

உங்கள் சேற்றுக்குக் காரணம் கட்டுநூல். கட்டு தெரியக்கூடாது என்று துணியின் பச்சையிலேயே கட்டியிருக்கிறீர்கள். இரண்டு மில்லிமீற்றருக்கு ஒரு கட்டு என்றால் சரிகையின் முகத்தில் நல்ல பங்கைப் பச்சை மூடிவிடும். சீனத்திலும் ஜப்பானிலும் பொன்னிழையைச் சிவப்புப் பட்டால் கட்டும் வழக்கம் உண்டு. சிவப்பு ஊடே எட்டிப் பார்க்கும்போது பொன்னுக்குச் சூடு ஏறும். பிரித்துவிட்டுச் சிவப்பில் கட்டுங்கள். வேலை முடிந்தது.

ஜூன் 22, காலை

கழுத்தையும் அதே பச்சையில்தான் கட்டியிருக்கிறார் என்று இப்போதுதான் பதில் வந்தது.

நான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். பிரிக்க வேண்டாம், பொறுங்கள்.

ஜூன் 24

இரண்டு நாள் யோசித்தேன். கழுத்தில் வளையங்களுக்கு நடுவே மயில்நீல நூலால் நிரப்பியிருக்கிறார், தோகையில் நீலம் இல்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

பாரிஸ் நகரில் கோப்லான் என்ற அரச திரைச்சீலைப் பட்டறை இருந்தது. 1824 இல் அதன் சாயப் பகுதிக்கு மிஷேல் ஷெவ்ரெல் என்ற இரசாயன அறிஞர் பொறுப்பாக வந்தார். கொழுப்பையும் சவர்க்காரத்தையும் ஆராய்ந்தவர். நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தவர், அது வேறு கதை. உங்கள் கறுப்புச் சாயம் கறுப்பாக இல்லை என்று நெசவாளர்கள் முறையிட்டிருக்கிறார்கள். அவர் சோதித்தால் சாயம் சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்புறமாகத் தள்ளும் என்று கண்டு, 1839 இல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

நீலத்துக்கும் ஊதாவுக்கும் எதிர்ப்புறம் நிற்பவை செம்மஞ்சளும் மஞ்சளும். ஆகவே நீலத்தின் அருகே பொன் மேலும் பொன்னாகும். கல்யாண இரவிக்கைகளில் கத்தரிப்பூ நிறத்துக்கு இவ்வளவு மவுசு சும்மா வரவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. பொன்னின் பக்கத்தில் மஞ்சள் பருத்தி நூலை வைத்துவிடாதீர்கள். மஞ்சள் சோக்கட்டி போல வறண்டுபோகும், சரிகையும் தவிட்டு நிறமாக இறங்கும். ஒரு மணப்பெண்ணின் இரவிக்கையில் மஞ்சள் சூரியகாந்திக்குச் சரிகையால் கரை கட்டி, அவளுடைய அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. கூலியில் பாதிதான் கொடுத்தார். குறை சொல்ல மாட்டேன், பூ நோயில் விழுந்தது போலத்தான் இருந்தது.

ஜூன் 29

பேசிக்கொண்டே இருக்காமல் தைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு மாதிரி அட்டை செய்தேன். அதே போத்தல் பச்சை வெல்வெட், உள்ளங்கை இரண்டின் அளவு. நான்கு பட்டை. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வரி சரிகை, எல்லாம் ஒரே திசையில். முதல் பட்டைக்குக் கட்டுநூல் மஞ்சள், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை, நான்காவதற்கு ஊதா. பட்டையின் இடது பாதியில் கட்டு நெருக்கம், வலது பாதியில் அகலம். கட்டுநூலுக்குத் தேன்மெழுகு பூசினேன், இல்லாவிட்டால் சரிகையின் ஓரம் அதை அறுத்துவிடும். சரிகையின் நுனியை மட்டும் பெரிய காது ஊசியால் துணிக்குக் கீழே இறக்கினேன். மற்றபடி சரிகையைத் துணிக்குள் இழுக்கவே கூடாது. இழுத்தால் மேல் தாள் உரிந்து உள்நூல் வெள்ளையாகப் பல்லைக் காட்டும்.

கையில் வைத்துப் பார்த்தால் சிவப்புதான் அழகு. அம்மாயியின் பழைய அட்டிகை மாதிரி ஒரு முதிர்ந்த பொன். மஞ்சள் கட்டு ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிக்கொள்கிறது, பொன் பொன்னாகவே இருக்கிறது. பச்சை கட்டியது பித்தளை. ஊதா கட்டியது ஒரு மாதிரி அழுக்குத் தவிட்டு நிறம். பக்கத்தில் இருந்து ஏற்றிவிட்ட அதே ஊதா, மேலே ஏறி உட்கார்ந்ததும் பொன்னைக் கீழே இழுக்கிறது.

பிறகு அட்டையைக் கதவில் குத்திவிட்டு, லயத்து வாசலைத் தாண்டித் தண்ணீர்ப் பீலியடி வரை போய் நின்று பார்த்தேன். இருபது அடி இருக்கும். சிவப்புப் பட்டையைத் தேட வேண்டியிருந்தது. சிவப்புக் கட்டும் நடுவே தெரியும் பச்சைத் துணியும் தூரத்தில் ஒன்றையொன்று தின்று மண்ணிறமாகிவிட்டன. நெருக்கமாகக் கட்டிய பாதி இன்னும் மோசம். மஞ்சள் கட்டியது மட்டும் அங்கிருந்தும் பொன்.

ஆக 21 ஆம் திகதி சிவப்பில் கட்டுங்கள் என்று தீர்ப்புச் சொன்னேனே, அதை அழித்துவிடுங்கள். சிவப்புத் துணியில், கையில் எடுத்துப் பார்க்கும் வேலைக்கு அது சரி. பச்சை வெல்வெட்டில், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பார்க்கும் பின்திரைக்கு அது ஆகாது.

ஜூலை 2

வீட்டுக்காரரிடம் அட்டையைக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். நாலும் சரிகைதானே என்றார். கட்டுநூல் வாங்கிய கணக்கைக் காட்டியதும் நாலுக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

ஜூலை 6

அக்கா மகளின் சடங்குக்கு ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு ரயிலில் போனேன். அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், தங்கச்சியைக் கண்டால் கொடுக்கலாம் என்று. காண முடியவில்லை. ஆனால் ரயிலில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஹட்டனில் ஏறும்போது தூறல். தலவாக்கலை, நானுஓயா எல்லாம் ஒரே மூடம், ஜன்னலுக்கு வெளியே நாலு கொழுந்துச் செடிக்கு மேல் தெரியவில்லை. அட்டையை எடுத்து மடியில் வைத்தேன். அந்த வெளிச்சத்தில் மினுக்கமே கிடையாது. மூடத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக வருகிறது, சரிகை திருப்பி அனுப்புவதற்குத் தனியாக ஒரு விளக்கு இல்லை. அதனால் கட்டுநூல்களின் பேச்சு மட்டும் துல்லியமாகக் கேட்டது. மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாக, சாயக்கடை அட்டை மாதிரி.

பட்டிப்பொல தாண்டியதும் சுரங்கம் வரும், தெரியும்தானே. இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்ட சங்கதி. அன்றைக்கு அப்படியே நடந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஊவாப் பக்கத்து வெயில் ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது. அட்டை முழுக்க ஒரே வீச்சாக எரிந்தது. கட்டுநூல் நிறமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாலு பட்டையும் நாலு வெள்ளைத் தீ.

எதிர் இருக்கையில் பேரனோடு வந்த ஒரு அம்மா, அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கினார். வாங்கியவர் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார். நல்ல வேலை, ஆனால் கறுத்துப் போய்விட்டதே என்றார். நான் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கறுத்துத்தான் இருந்தது. அவர் கையிலிருந்து வாங்கி நேராக்கினேன், எரிந்தது. திருப்பினேன், அணைந்தது. ஒஹிய வரை இதே வேலை. அந்தப் பேரன் என்னிடமிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஹப்புத்தளை வரை விளையாடினான்.

கழுத்து வளையம். தொங்கும் தோகை. கேள்வியிலேயே பதில் இருந்திருக்கிறது. பதினைந்து நாளாக நான் நூலின் நிறத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7

விளக்கமாக எழுதுகிறேன்.

தடித்த பின்னல் ஊசி ஒன்றை எடுத்து, உச்சியில் எரியும் மின்குமிழுக்குச் சற்றுத் தள்ளி நின்று கண்ணுக்கு நேரே பிடியுங்கள். கிடையாகப் பிடித்தால் ஊசியின் நீளத்தில் பளீரென்று ஒரு கோடு ஓடும். நெட்டாகப் பிடித்தால் அந்தக் கோடு காணாமல் போகும். கிடையாக இருக்கும் உருளையின் வளைவில் எங்கோ ஓரிடம், மேலிருந்து வரும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கு அனுப்பும் சாய்வில் இருந்தே தீரும். நெட்டாக நிற்கும் உருளைக்கு இடமும் வலமும்தான் வளைவு, மேலே பார்க்கும் முகமே இல்லை. சரிகை அப்படியொரு உருளைதான். பருத்தி நூலுக்கும் இந்தக் குணம் இலேசாக உண்டு, ஆனால் பருத்தி அணைந்தாலும் அதன் சாயம் மிஞ்சும். சரிகை அணைந்தால் மிஞ்சுவது தவிடு.

தங்கச்சி தைக்கும் இடத்தில் குழல்விளக்கு உச்சியில் இருக்கிறதாம். கழுத்து வளையங்கள் கிடை, அதனால் எரிகின்றன. தோகை நெட்டுக்கு இறங்குகிறது, அதனால் சேறு. கட்டுநூல் பச்சை என்பது அந்தச் சேற்றின் நிறத்தை முடிவு செய்கிறது, அவ்வளவே. நீலம் பற்றி நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் இந்த வழக்கில் அது சாட்சி மட்டும்.

ஐரோப்பாவில் 15 ஆம் நூற்றாண்டில் பர்கண்டிப் பிரபுக்களின் காலத்தில் ‘ஓர் நுவே’ (or nué) என்றொரு முறை உச்சத்தில் இருந்தது. வியன்னாவில் வைத்திருக்கும் பொற்கம்பளி மாவீரர் சங்கத்தின் பூசை உடைகள் அதற்குப் பேர்போனவை. உருவங்களின் உடை மடிப்புகளுக்கு அடியில் பொன்னிழை வரிவரியாக ஓடும். நிழல் வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டால் நெருக்கிக் கட்டுவார்கள், வெளிச்சம் வேண்டிய இடத்தில் கட்டை அகலவிட்டுப் பொன்னைத் திறந்து வைப்பார்கள். நிறம் முழுக்கக் கட்டுநூலின் வேலை. இதை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வரிகள் உருவத்தின் வளைவைப் பின்பற்றாமல் ஏன் நேராகக் கிடையாகவே ஓடுகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. திசையை ஒன்றாக வைத்தால் வெளிச்சம் எல்லா வரியிலும் ஒரே மாதிரி விழும். அப்புறம் நிழலும் ஒளியும் தைப்பவரின் கைக்கு அடங்கும்.

ஜூலை 8

திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாராம். தோகை தீப்பிடித்தது, கழுத்து சேறானது. அக்கா, இனி மயிலைப் படுக்கவைத்துத் தொங்கவிடலாமா என்று கேட்டிருக்கிறார். முருகன் எப்படி உட்காருவார் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 9

பிரிப்பதைப் பற்றி. வெல்வெட்டில் பிரித்தால் ஊசி போன இடமும் மேல்மயிர் நசுங்கிய தடமும் தெரியும். ஆகவே அந்த இடத்திலேயே மேலே மூடித் தைக்க வேண்டும். என் யோசனை: தோகையின் நடுக்காம்பை அப்படியே விடுங்கள். இருண்ட காம்பு ஒரு குற்றமில்லை. இரண்டு பக்கத்து இழைகளை மட்டும் பிரித்து, காம்பிலிருந்து வெளியே போகும் சிறு வரிகளாக, கிடைக்கு நெருங்கிய சாய்வில் மறுபடி கிடத்துங்கள். கட்டுநூல் மஞ்சள். அடியில் மஞ்சள் ஃபெல்ட் துண்டு வைத்தால் இடுக்கு தெரியாது. வெள்ளிச் சரிகைக்குச் சாம்பல் ஃபெல்ட்.

தோகைக் கண்களைச் சுருளாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார், அதைத் தொட வேண்டாம். சுருளில் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் கிடை, இரண்டு பக்கமும் நெட்டு. உச்சி வெளிச்சத்தில் மேலும் கீழும் எரிந்து, நடுவில் ஒடுங்கி, நிமிர்த்தி வைத்த உடுக்கை மாதிரி ஓர் ஒளி நிற்கும். பார்ப்பவர் நகர்ந்தால் உடுக்கையும் அசையும். மயில் கண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஜூலை 13

கொஞ்சம் விலகிப் போகிறேன். மாதிரிச் சரிகைக்காக அம்மாவின் கல்யாணச் சேலைப் பெட்டியைத் திறந்தேன். அசல் சரிகை, அப்பா ஆறு மாதம் கடன் கட்டிய சேலை. முந்தானைக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, அடிமட்டம் வைத்து இழுத்தது போல. மடிப்பு கலையாமல் இருக்க நான்தான் பத்து வருடம் முன்பு ரப்பர் வளையம் போட்டேன். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், நம் ஊர் ஈரம் அதற்குத் துணை. கம்பளிச் சால்வையையும் அதே பெட்டியில் வைத்திருந்தேன், அதிலிருந்தும் கந்தகம் வரும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி வைத்திருக்கிறேன்.

ஜூலை 16

முருகனின் வேலாயுதத்தை வெள்ளிச் சரிகையில் போடலாமா என்று கேட்டிருந்தார். பொன் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது, எங்கே வைத்தாலும் தன் சாயம் கொஞ்சம் இருக்கும். வெள்ளி அனேகமாக வந்ததையெல்லாம் அப்படியே திருப்பும். பச்சை வெல்வெட்டில் வேலின் மேல் பச்சை பாயும். நீங்கள் அதை அழகு என்று நினைத்தால் போடுங்கள், எனக்குப் பாசி பிடித்தது போலத் தோன்றும். வேலைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சிவப்பு ஒட்டு வைத்து அதன் மேல் போட்டால் வெள்ளிக்கு வேறு உயிர் வரும்.

இன்னொன்று. கோயிலில் எண்ணெய் விளக்கும் கற்பூரமும்தான் வெளிச்சம் என்றால் உங்கள் மயில்நீலம் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும், சுடர் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. கண்டிப் பெரஹராவில் பந்த வெளிச்சத்தில் யானைப் போர்வைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வெல்வெட்டில் சரிகை குதிக்கும். நீல வெல்வெட் இருட்டோடு சேர்ந்துவிடும், சரிகை மட்டும் காற்றில் மிதக்கும். ஆகவே கழுத்தில் இரண்டு இழை வெளிர்நீலம் கலந்துகொள்ளுங்கள்.

ஒகஸ்ட் 4

நேற்று திருவிழாவுக்குப் போயிருந்தேன். தங்கச்சி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார், விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. பத்து இறகில் எட்டைத்தான் மாற்ற முடிந்ததாம். இடது ஓரத்தில் இரண்டு இறகு பழையபடி நெட்டுச் சரிகை, பச்சைக் கட்டு. யாரும் பார்க்காதபடி அந்த இடத்தில் மாலையைத் தொங்கவிடச் சொல்லியிருந்தார்.

குழல்விளக்கில் நான் பார்த்தபோது எட்டு இறகும் எரிந்தன, மாலைக்கு அடியில் சேறு தெரிந்தது. பிறகு பூசை தொடங்கியதும் விளக்குகளை அணைத்துவிட்டு ஐயர் கற்பூரத் தட்டை எடுத்தார். தட்டு மேலே போகும்போது எட்டு இறகும் ஏறி வந்தன. தட்டு வலது பக்கம் சுழன்று வந்தபோது அவை தணிந்தன, மாலைக்கு இரு பக்கமும் அந்த இரண்டு இறகும் எழுந்தன. கொஞ்சம் பச்சை கலந்த பொன், மயிலின் தோகையில் உண்மையாகவே இருக்கும் அந்தப் பொன். தட்டு மேலே போனதும் அணைந்தன. மூன்று சுற்றிலும் அப்படியே.

தங்கச்சி தலைக்கு மேல் கைகுவித்துக் கண்ணை மூடியிருந்தார். பார்க்கவில்லை. அடுத்த வருடத்துக்கு அந்த இரண்டையும் மாற்றிவிடுகிறேன் அக்கா என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மாற்ற வேண்டாம், மாலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.